சுமதியின் மெயிலுக்குப் பூட்டுப் போட்ட கதை

அன்னிக்கு எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். எனக்கு வர்ற ஈமெயிலை என்னைத் தவிர வேற யாரும் படிக்க முடியாதபடி ஆபீஸ் கம்ப்யூட்டர்ல ஒரு பூட்டுப் போடணும்.

அவ்வளவுதான். சின்ன வேலைன்னுதான் சுமதி சொன்னா.

சுமதி எனக்குப் பாத்திருந்த பொண்ணு. பொள்ளாச்சியில ஒரு கம்ப்யூட்டர் சென்டர்ல டீச்சர். நான் தண்டபாணி, திருப்பூர்க்காரன். தொண்ணூறுகளோட கடைசி அது. மொரீஷியஸ்ல, ரிவியேர் டு ராம்பார் பக்கம், கரும்புக் காட்டுக்கு நடுவுல ஒரு ஸ்வெட்டர் ஃபேக்டரி. அங்க எனக்குத் தரம் பாக்கற வேலை. தையல் பிரிஞ்சிருக்கா, ஒரு கை நீளமா ஒரு கை குட்டையா இருக்கான்னு கண்டுபிடிக்கணும். அடுத்தவங்க தப்பைக் கண்டுபிடிச்சே சம்பளம் வாங்கினவன் நான். என் தப்பு மட்டும் என் கண்ணுல படாது.

ஃபேக்டரி முழுக்க ஒரே ஒரு ஈமெயில் விலாசம். ஒரே ஒரு கம்ப்யூட்டர். அது ரிசப்ஷன்ல லிசெத் மேசையில இருக்கும். லிசெத்தோட கொள்ளுத்தாத்தா பேரு முத்துசாமியாம். அவங்க ஞாயித்துக்கிழமை தவறாம சர்ச்சுக்குப் போறவங்க. நெத்தியில சிலுவை போட்டுக்கிட்டுதான் மோடத்தை ஆன் பண்ணுவாங்க. அது கீய்ங், கொர்ர்னு கத்தி முடிச்சதும் வந்த மெயில் எல்லாத்தையும் பிரிண்ட் எடுப்பாங்க. ஆர்டரா, புகாரா, சொந்தக் கடுதாசியான்னு பாக்கறதில்ல. எல்லாத்தையும் எடுத்து, டைம் கார்டு குத்தற இடத்துல இருக்கற பலகையில குத்தி வெச்சுடுவாங்க. யாருக்கு வந்ததோ அவங்க வந்து எடுத்துக்கலாம்.

அதுக்குள்ள மத்தவங்க எல்லாரும் படிச்சு முடிச்சிருப்பாங்க!

என் மெயில் தமிழாச்சே, யாருக்குப் புரியும்னு நான் தைரியமா இருந்தேன். அங்க வீட்ல, ஃபேக்டரியில எல்லாம் கிரியோல்தான் பேச்சு. (அவங்க பேசினதை எல்லாம் உங்களுக்காகத் தமிழ்லயே சொல்றேன்.) ஆனா சுமதி இங்கிலீஷ் எழுத்துல தமிழ் அடிச்சு அனுப்புவா. அங்கதான் செல்வென் உள்ள வந்தார்.

செல்வென் எங்க பேக்கிங் சூப்பர்வைசர். கோயில் பஜனைக் குழுவுக்கு அவர்தான் தலைமை. தமிழ் பேச வராது, அர்த்தமும் தெரியாது. ஆனா அவர்கிட்ட ஒரு பாட்டுப் புஸ்தகம் இருக்கு. தேவாரம் திருப்புகழ் எல்லாம் இங்கிலீஷ் எழுத்துல அச்சடிச்சது. அதைப் பாத்து அவர் பாடினா நமக்குக் கண்ணுல தண்ணி வரும். அப்படிப்பட்ட மனுஷன் பலகையில இங்கிலீஷ் எழுத்துல தமிழைப் பாத்தா என்ன நினைப்பார்? அவர் வாழ்க்கையில அப்படி எழுதியிருந்தது எல்லாமே சாமி பாட்டுதான்.

ஒருநாள் மதியம் சாப்பாட்டு நேரம். செல்வென் கையில தாளம் போட்டுக்கிட்டு, கண்ணை மூடித் திறந்து, உருகி உருகிப் பாடறார்.

"குளிருக்கு ஸ்வெட்டர் போடறீங்களா... ஆ... ஆ... சளி பிடிக்கலியே..."

பேக்கிங் பொண்ணுங்க ரெண்டு பேர் கையெடுத்துக் கும்பிட்டுக்கிட்டு நிக்கறாங்க!

பாடி முடிச்சுட்டு என்கிட்ட வந்தார். "அண்ணே, உங்க ஊர்ப் பாட்டு ரொம்ப உருக்கம். எந்தச் சாமி மேல?"

நான் வெக்கத்துல, "முருகன்"னு சொல்லித் தொலைச்சேன்.

இதைச் சுமதிக்கு எழுதினேன், வழக்கம்போல லிசெத்தான் அடிச்சு அனுப்பினாங்க. சிரிப்பான்னு பாத்தேன். அவ சிரிக்கல. பதில் வந்துச்சு. அதுவும் பலகை வழியாதான் வந்துச்சு.

"உங்ககிட்ட ஒரு விஷயம் கேக்கணும். அதுக்குப் பதில் தெரிஞ்சப்பறம்தான் கல்யாணத்துக்குச் சரின்னு சொல்லுவேன். ஆடி பொறக்கறதுக்குள்ள முடிவு சொல்லணும்னு அப்பா நெருக்கறார். ஃபோன் அவர் நாற்காலிக்குப் பக்கத்துல இருக்கு, அதுல பேச முடியாது. பஜனையில பாடற மெயில்லயும் கேக்க மாட்டேன். ஒரு ஃப்ளாப்பி அனுப்பறேன். பூட்டுப் போட்டுட்டுச் சொல்லுங்க."

என்ன கேக்கப் போறாளோ!  ஜாதகம் பொருந்தி, போட்டோ பிடிச்சு, இவ்வளவு தூரம் வந்து நிக்குது. நிஜத்தைச் சொல்லிடறேன், அவளை எனக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. ஒரு கேள்வியில எல்லாம் போயிடுமோன்னு பயம்.

ஊருக்குப் போயிட்டு வந்த ஒரு சிநேகிதன் மூலமா ஃப்ளாப்பி வந்து சேந்துச்சு, முறுக்குப் பொட்டலத்தோட. கூட ஒரு காகிதம். அதுல வாத்தியாரம்மா பாடம் எடுத்திருந்தா.

"ரெண்டு சாவி உண்டாகும். ஒண்ணு பூட்டற சாவி. அதை ஊருக்கே குடுக்கலாம், எனக்கு அனுப்புங்க. இன்னொண்ணு திறக்கற சாவி. அது உங்ககிட்ட மட்டும்தான் இருக்கணும். அதுக்கு ஒரு ரகசிய வாக்கியம் வெச்சுக்கோங்க. நீளமா, மறக்காததா, யாரும் ஊகிக்க முடியாததா இருக்கணும்."

சரி. லிசெத் சாப்பிடப் போன நேரம் பாத்து உக்காந்தேன்.

முதல்ல, மௌஸை இஷ்டத்துக்கு ஆட்டுன்னுச்சு கம்ப்யூட்டர். சாவி உருவாக அது வேணுமாம். ஆட்டினேன். இன்னும்னுச்சு. மேசை மேல இழுத்து, சுத்தி, வெறி பிடிச்சவன் மாதிரி ஆட்டினேன்.

"ஆயோ! மிஸ்யே தண்டா, மேசையை நான் காலையிலயே துடைச்சுட்டேன்!"

வாசல்ல லிசெத்! (அங்க ஐயாவுக்கு மிஸ்யேம்பாங்க.) ரொட்டியை மறந்துட்டுப் போயிட்டாங்களாம். எடுத்துக்கிட்டு, என்னை ஒரு மாதிரி பாத்துக்கிட்டே போனாங்க.

அடுத்தது ரகசிய வாக்கியம். நீளமா இருக்கணும், மறக்கக் கூடாது. நான் தினமும் மனசுக்குள்ள சொல்லிக்கற ஒரே வாக்கியம் இருக்கே!

"என் முதலாளி ஒரு மகா கஞ்சன்."

சத்தியமான வார்த்தை. எங்க முதலாளியை எல்லாரும் பத்ரோன்னு கூப்பிடுவாங்க, அங்க முதலாளிக்கு அதுதான் பேரு. அவரும் தமிழ் வம்சம்தான். கோயிலுக்கு அள்ளிக் குடுப்பார். தைப்பூசத்துக்கு மஞ்சள் வேட்டி கட்டி முதல் வரிசையில நிப்பார். ஆனா ஃபேக்டரிக்குள்ள வந்துட்டா வேற ஆளு. தாழ்வாரத்துல ஒரு பல்புக்கு மேல எரியக் கூடாது. ஒரே டீப் பையை மறுபடியும் வெந்நீர்ல முக்கணும். பிரிண்டர்ல புதுக் காகிதம் வெக்கவே கூடாது, பழைய காகிதத்தோட முதுகுப் பக்கத்துலதான் அடிக்கணும். இந்தக் காகித விஷயத்தை ஞாபகம் வெச்சுக்கோங்க. என் தலையில விழுந்த கல்லு அதுதான்.

ரகசிய வாக்கியத்தை அடிச்சேன். திரையில ஒண்ணுமே தெரியல, மறைச்சுடுது. திரும்ப அடின்னுச்சு. அடிச்சேன். திருப்பூர்ல டைப்ரைட்டிங் பரீட்சை பாஸ் பண்ணவன் நான். கீபோர்டைப் பாக்காமலே அடிப்பேன். லிசெத் வந்துடப் போறாங்களேன்னு கண்ணை வாசல்ல வெச்சுக்கிட்டு, விரல் பாட்டுக்கு அடிச்சுது. ஏத்துக்குச்சு. பூட்டற சாவியைச் சுமதிக்கு அனுப்பினேன்.

அன்னிக்கு நான் நடந்த நடை இருக்கே! பெரிய உளவாளின்னு நினைப்பு.

மறுநாள் காலையில சுமதி பதில் வந்துச்சு. வழக்கம்போல லிசெத் பிரிண்ட் எடுத்தாங்க.

அவங்க அலறின அலறல் பேக்கிங் வரைக்கும் கேட்டுச்சு. "மிஸ்யே தண்டா! இங்க பாருங்க! பிரிண்டருக்குப் பைத்தியம் பிடிச்சுடுச்சு!"

தாள் தாளா வருது. எழுத்தும் எண்ணும் கூட்டல் குறியும் கலந்து, தலையும் இல்ல வாலும் இல்ல. செல்வென் ஒரு தாளை எடுத்துப் பாடிப் பாக்க முயற்சி பண்ணினார். ஒரு வரி தாண்டல. "அண்ணே, இது ரொம்பப் பழைய தமிழோ?"ன்னார் பயபக்தியோட.

அந்த இடத்துல, "அது எனக்கு வந்த சொந்தக் கடுதாசிம்மா, பூட்டுப் போட்டிருக்கு"ன்னு சொல்லியிருந்தா கதை முடிஞ்சிருக்கும். எனக்கு வெக்கம் வந்துடுச்சு. வாய் தானாப் பேசுச்சு.

"கீபோர்டு கெட்டிருக்கும்."

பிரிண்டர் உளறினா கீபோர்டு கெட்டதுன்னு சொன்ன ஒரே அறிவாளி உலகத்துலயே நான்தான். ஆனா லிசெத் நம்பிட்டாங்க! போர்ட் லூயிக்கு ஃபோன் போட்டு மெக்கானிக்கை வரவழைச்சுட்டாங்க.

வந்தவர் எல்லாத்தையும் தட்டிப் பாத்தார். பழைய கீபோர்டைக் கழட்டிட்டு, கையோட கொண்டு வந்த புதுசை மாட்டி, கம்ப்யூட்டர்லயும் அதுக்கு ஏத்தபடி மாத்தி வெச்சார். அப்பறம் அந்தத் தாளைக் கையில எடுத்து, மூக்குக் கண்ணாடியை ஏத்திக்கிட்டு நிதானமாச் சொன்னார்.

"மிஷின்ல கோளாறே இல்ல. இது ரகசிய எழுத்து. யாரோ வேணும்னே மறைச்சு அனுப்பியிருக்காங்க."

அவர் பின்னாடி பத்ரோன் நின்னுக்கிட்டிருந்தார்.

பத்ரோன் தாளை வாங்கினார். முன்னாடி பாத்தார். திருப்பினார். முகம் சிவந்துடுச்சு. பின்பக்கத்துல என்ன இருக்குன்னா, பிரான்ஸ் கம்பெனிக்கு நாங்க குடுக்கப் போற ஸ்வெட்டரோட விலைப் பட்டியல்! பழைய காகிதத்துலதானே அடிப்போம்! அந்த மாசம்தான் எங்க டிசைன் ஒண்ணு பக்கத்து ஃபேக்டரிக்குக் கசிஞ்சிருக்குன்னு பேச்சு.

"என் விலை ஒரு பக்கம். ரகசிய எழுத்து மறுபக்கம். மிஸ்யே தண்டா, யாருக்கு வேலை பாக்கறீங்க?"

"ஐயோ, உங்களுக்குத்தாங்க!"

"அப்ப இது என்ன?"

"எனக்குப் பாத்திருக்கற பொண்ணு எழுதின லெட்டருங்க."

பத்ரோன் அந்த எழுத்துக் குவியலைப் பாத்தார். என்னைப் பாத்தார். "இதுவா லவ் லெட்டர்? திறந்து காட்டுங்க. இல்லேன்னா அடுத்த ப்ளேன்ல ஊருக்குப் போங்க."

உள்ள இருக்கறது தமிழ்னு சொன்னேன். நானே படிச்சு நானே அர்த்தம் சொன்னா அவர் எப்படி நம்புவார்? "எனக்குத் தெரிஞ்ச நேர்மையான தமிழ் ஆளு ஒருத்தர்தான்"னு சொல்லி செல்வெனைக் கார்ல அனுப்பினார்.

வந்து இறங்கினது கோயில் குருக்கள்! கும்பகோணத்துலேர்ந்து வந்து அந்தக் கோயில்ல பூஜை பண்றவர். உச்சிகாலப் பூஜை முடிச்ச கையோட அள்ளிக்கிட்டு வந்திருக்கார் செல்வென். நெத்தி நிறைய விபூதி, கையில விபூதித் தட்டு.

"என்னப்பா தண்டபாணி, யாருக்காவது உடம்பு முடியலையா?"

"எனக்குத்தான் சாமி, இனிமே"ன்னேன்.

கம்ப்யூட்டரைச் சுத்தி பத்ரோன், லிசெத், செல்வென், மெக்கானிக், குருக்கள். வாசல்ல பாதி ஃபேக்டரி. ஒரே ஒரு ஆளுகூடப் படிக்கக் கூடாதுன்னு ஆரம்பிச்ச வேலைக்குக் கூடின கூட்டம் இது!

உக்காந்தேன். ரகசிய வாக்கியத்தை அடிச்சேன்.

தப்புன்னுச்சு.

மறுபடியும் அடிச்சேன். தப்பு. நிதானமா ஒவ்வொரு எழுத்தாப் பாத்துப் பாத்து அடிச்சேன். தப்பு, தப்பு, தப்பு!

எனக்கு வேர்த்துக் கொட்டுது. வேலை போறது இருக்கட்டும். அந்தத் தாளுக்குள்ள சுமதி கேள்வி உக்காந்திருக்கு. ஆடி கிட்ட வந்துடுச்சு. என் பூட்டை என்னாலயே திறக்க முடியலேன்னா, பதில் போடாதவன்னுதானே அவ நினைப்பா?

"பதட்டத்துல அடிக்கறீங்க. எழுந்திருங்க. அந்த வாக்கியத்தை லிசெத்கிட்ட எழுதிக் குடுங்க. அவங்க அடிக்கட்டும்"னார் பத்ரோன்.

"அது... ரகசியமுங்க."

"ப்ளேன்!"ன்னார் பத்ரோன்.

இங்கிலீஷ் எழுத்துல எழுதிக் குடுத்தேன்.  லிசெத் வாங்கறதுக்குள்ள செல்வென் எட்டிப் பாத்துட்டார். தமிழைப் பாத்ததும் மனுஷனுக்கு முகம் மலர்ந்துடுச்சு. தொண்டையைக் கனைச்சார்.

"என் முதலாளி... ஈ... ஈ... ஒரு மகா... மகா... ஆ... ஆ... கஞ்சனே!"

அந்த 'ஏ' அவரே சேத்துக்கிட்டது.

பத்ரோன் தலையை ஆட்டி ரசிச்சார். "நல்லா இருக்கு. குருக்கள் சாமி, என்ன அர்த்தம்?"

 குருக்கள் என்னைப் பாத்தார், பத்ரோனைப் பாத்தார். கோயிலுக்குப் புது மண்டபம் கட்டிக் குடுக்கறதா பத்ரோன் வாக்குக் குடுத்திருந்த நேரம் அது. விபூதித் தட்டை மெதுவா மேசையில வெச்சார்.

"என் முதலாளி எதையும் வீணாக்காத பெரிய மனுஷர்னு சொல்லியிருக்கான்."

பத்ரோன் நெஞ்சுல கை வெச்சார். "இதையா ரகசியமா வெச்சிருந்தீங்க?"

"மத்தவங்க பொறாமைப்படுவாங்களேன்னு"ன்னு முனகினேன்.

குருக்கள் என் பக்கம் குனிஞ்சு, தமிழ்ல, உதடு அசையாமச் சொன்னார்: "தைப்பூசத்துக்குப் பால்குடம் கழுவற வேலை உன்னோடது. ஆயுசு பூரா."

அதுக்குள்ள லிசெத் அடிக்க ஆரம்பிச்சாங்க. அவங்களும் பாக்காம அடிக்கறவங்கதான். தப்புன்னுச்சு. கோவத்துல கீபோர்டைத் தட்டினாங்க.

"புதுக் கீபோர்டு இல்ல இது, சனியன்! மாட்டினதுலேர்ந்து என் பேரைக்கூட ஒழுங்கா அடிக்க மாட்டேங்குது! எழுத்து எல்லாம் இடம் மாறி இருக்கு. எனக்கு என் பிரெஞ்சுக் கீபோர்டுதான் வேணும்!"

பிரெஞ்சுக் கீபோர்டா!

அப்பதான் எனக்கு மண்டையில உறைச்சுது. பிரெஞ்சுக் கீபோர்டுல எழுத்து இருக்கற வரிசையே வேற. நம்ம ஊர்ல ஏ இருக்கற இடத்துல அதுல க்யூ. எம் இருக்கற இடத்துல கமா. நான் வாசலைப் பாத்துக்கிட்டுத் திருப்பூர் விரலால அடிச்சேனே, அன்னிக்கு உள்ள போனது என் முதலாளியும் இல்ல, கஞ்சனும் இல்ல. ஏதோ ஒரு உளறல்! திரை மறைச்சதால தெரியல. திரும்ப அடின்னப்பவும் அதே உளறலையே அடிச்சு வெச்சிருக்கேன். இப்ப இங்கிலீஷ் கீபோர்டுல சரியா அடிக்கறேன், அதான் திறக்கல. அந்தக் கீபோர்டை மாத்த வெச்சது யாரு? கீபோர்டு கெட்டிருக்கும்னு சொன்ன அதே அறிவாளி!

"பழசு எங்கம்மா?"

லிசெத் மேசை டிராயரைத் திறந்தாங்க. குப்பையில போடல. இந்த ஃபேக்டரியில எதையும் தூக்கிப் போட மாட்டாங்களே! பத்ரோனோட கஞ்சத்தனத்தை முதல் தடவையா மனசார வாழ்த்தினேன்.

மாட்டினோம், மெக்கானிக் உள்ள மாத்தி வெச்சதையும் பழையபடி ஆக்கினார். கம்ப்யூட்டரை அணைச்சுப் போட்டோம். நான் உக்காந்து, முகத்தை வாசல் பக்கம் திருப்பிக்கிட்டு, விரல் பாட்டுக்கு அடிச்சேன்.

திறந்துடுச்சு! செல்வென் "அரோகரா!"ன்னு கத்தினார். லிசெத் சிலுவை போட்டுக்கிட்டாங்க.

குருக்கள் கண்ணாடியை மாட்டி, சங்கல்பம் சொல்ற குரல்லயே படிச்சு, வரிக்கு வரி பத்ரோனுக்கு அர்த்தம் சொன்னார்.

"இதைத் திறந்துட்டீங்கன்னா சபாஷ். நான் கேக்க நினைச்சது இதுதான். கல்யாணம் ஆகி அங்க வந்தா என்னால வீட்ல சும்மா உக்காந்திருக்க முடியாது. எனக்கு என் வேலை பிடிக்கும். அங்க எனக்கு வேலை கிடைக்குமா? உங்க முதலாளிகிட்ட நேர்ல கேட்டுச் சொல்லுங்க. வேலைக்குப் போறேன்னு சொன்னா அப்பா ஒத்துக்க மாட்டார், அதான் ரகசியமாக் கேக்கறேன். முதலாளிகிட்டக் கேக்கற தைரியம் உங்களுக்கு இல்லேன்னா அதையும் மறைக்காமச் சொல்லிடுங்க. நான் வேற யோசிச்சுக்கறேன்."

எல்லாரும் என்னைப் பாத்தாங்க.  இந்தக் கேள்விக்கா இவ்வளவு பயந்தேன்! ஆனா உண்மை என்னன்னா, நான் தனியாப் படிச்சிருந்தா பத்ரோன் அறைக் கதவைத் தட்டியிருக்கவே மாட்டேன். அவர்கிட்ட ஒரு புது டீப் பை கேக்கவே தைரியம் இல்லாதவன் நான்.

பத்ரோன் திரையையே பாத்துக்கிட்டிருந்தார்.

"இந்தப் பூட்டை யாரு அனுப்பினது?"

"அவதாங்க. சுமதி."

மெக்கானிக் பக்கம் திரும்பினார். "உங்களால இதைத் திறந்திருக்க முடியுமா?"

"பா பொசிப்"னார் அவர். முடியவே முடியாதாம்.

"அப்ப என் விலை, டிசைன் எல்லாத்துக்கும் அந்தப் பொண்ணு இப்படிப் பூட்டுப் போட்டுக் குடுக்குமா?"

"குடுப்பாங்க!" இதுக்கு முந்தினது லிசெத். "மிஸ்யே, எனக்கு ஒரு ஆளு வேணும்னு எத்தனை நாளாக் கேக்கறேன்! இனிமே இவரை மட்டும் இந்த மிஷின் பக்கம் விடாதீங்க!"

"வரச் சொல்லுங்க"ன்னார் பத்ரோன். "வேலை உண்டு."

அங்கயே எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. பேக்கிங் பொண்ணுங்க கை தட்டினாங்க.

"சித்த இருங்கோ, இன்னும் ஒரு வரி இருக்கு"ன்னார் குருக்கள். அதுக்குள்ள செல்வென் அவர் தோளுக்கு மேல எட்டிப் பாத்துப் பாடியே முடிச்சுட்டார்.

"பின்குறிப்பு... ஊ... ஊ... போட்டோவுல இருக்கற மீசை... அந்தக் கரப்பான் மீசையை... எடுத்துடுங்களேன்!"

அர்த்தத்தைக் குருக்கள் ஒரு சொல் விடாம, ரொம்ப நேர்மையா மொழிபெயர்த்தார். இதுக்கு மட்டும்!

சாயங்காலம் மீசையை எடுத்தேன். "வேலை இருக்கு, மீசை இல்ல"ன்னு பதில் போட்டேன், பூட்டே போடாம. ஆடி பொறக்கறதுக்கு முன்னாடி அவ சரின்னு சொல்லிட்டா.

கல்யாணம் ஆச்சு. சுமதி வந்தா. அவங்கப்பாகிட்ட அவளே பேசிக்கிட்டா. வந்த வேகத்துல எல்லாருக்கும் தனித்தனி விலாசம், தனித்தனி ரகசிய வாக்கியம்னு வெச்சு, பலகையைக் கழட்டிட்டா. செல்வெனுக்குத்தான் கொஞ்ச நாள் புதுப் பாட்டு இல்லாமக் கஷ்டமா இருந்துச்சு. நான் இன்னிக்கும் தைப்பூசத்துக்குப் பால்குடம் கழுவறேன். குருக்கள் தூரத்துலேர்ந்து எண்ணிக்கிட்டே நிப்பார்.

அந்த ரெண்டு சாவித் திட்டம் மட்டும் எங்க வீட்ல அப்படியே நடந்துக்கிட்டிருக்கு: ரகசியம் எதுவா இருந்தாலும் பூட்டறது நான், திறக்கறது அவ.